எங்கள் வாசலிலிருந்து உன் வாசல் வரை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான், அம்மா, சின்னவள் மூன்று பேரும் சௌக்கியம், என் வலது கையைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்தச் சின்ன ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. (இரண்டாவது நினைப்பு காப்பி. அக்கா, நான்தான். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. கடைசியில் அப்பா வாசித்துக் காட்டச் சொல்லுவார், அப்போது அடைப்புக்குறி வந்தால் அப்படியே எகிறிக் குதித்துத் தாண்டிவிடுவேன். கையோடு சேர்ந்து அவர் கண்ணாடியும் உடைந்துவிட்டதால் மாட்ட மாட்டேன்.) கை என்றதும் பதறாதே, முதலில் உட்கார். நீ உட்கார்ந்துதான் படிக்கிறாயா என்று பார்த்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவள்தான் கைப்பையில் வைத்து எடுத்து வந்து உன்னிடம் கொடுத்திருப்பாள். நீ இதைப் படித்து முடிக்கும் வரை என்னைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். (அம்மா வாயை மூடிக்கொண்டு இருக்கிற காட்சி! நிமிர்ந்து பார்த்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.)

போன வாரம் மாப்பிள்ளை அம்மாவிடம் சொன்னாராம், நீ உட்கார்ந்து அழுதாய் என்று. அம்மா மட்டும்தான் வருகிறாள், அப்பா வரவில்லை, போனில் பேசினாலும் சரிம்மா வைக்கட்டுமா என்பதோடு சரி, அன்றைக்கு நான் விளையாட்டுக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு கோபமாக இருக்கிறார் என்று புலம்பினாயாம். பெரியவளே, எனக்கு உன் மேல் கோபம் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, கடைசியாக வந்தது நீ என் ஹெல்மெட்டில் மீன் வளர்த்தபோது. நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. கை உடைந்தது தெரிந்தால் நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியாதா? அம்மா, நீ அப்பாவைப் பார்த்துக்கோ, இங்க நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம் என்பாய். அம்மாவும் இந்தப் பக்கம் என்னைப் பார்ப்பாள், அந்தப் பக்கம் போனைப் பார்ப்பாள், கடைசியில் பெட்டியைப் பிரித்துத் துணியை எல்லாம் அலமாரியில் திரும்ப அடுக்கிவிடுவாள். அதனால்தான் அவள் உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகே உனக்குச் செய்தி தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாலும் நீ என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். (அது உண்மை. அப்பா பொய் சொன்னால் குரல் ஒரு கட்டை மேலே போய்விடும். இப்போது கைக்குக் கட்டு, குரலுக்குக் கட்டை.)

அன்றைக்கு நீ போனில் சொன்னது என்ன? கடைசி வாரங்களில் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார் என்றாய். நீ ஒரு போன் போடு, நாங்கள் வந்து நிற்கிறோம் என்றேன். அதற்கு நீ சிரித்துவிட்டு, அப்பா இது என்ன உங்க ஃபயர் இன்ஜினா, மணி அடிச்சதும் கிளம்பி வர்றதுக்கு, நீங்க வந்து சேர்றதுக்குள்ள உங்க பேரப்பிள்ளை ஸ்கூலுக்கே போயிடும், மூணு மாசம் கழிச்சு நிதானமா வாங்க என்றாய். நான் கோபப்படவில்லை, சத்தியமாக. ஆனால் சந்தைத் தெருவில் இரண்டு பக்கமும் காய்கறி பரப்பியிருக்க, நடுவில் ஒரு தக்காளி கூட நசுங்காமல் சிவப்பு வண்டியைக் கொண்டு போனவனைப் பார்த்து நீ நேரத்துக்கு வர மாட்டாய் என்றால் ஒரு மாதிரியாக இருக்குமா இருக்காதா, நீயே சொல். (ஒரு தக்காளி நசுங்கியது. தக்காளிக்காரம்மா இன்றைக்கும் அப்பாவைப் பார்த்தால் கூடையை உள்ளே இழுத்துக்கொள்வார்.)

உடனே சின்னவளைக் கூப்பிட்டு, நம் ஊருக்கும் அக்கா ஊருக்கும் விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன். இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டதும் படத்தில் ஒரு கோடு இங்கிருந்து கிளம்பி அங்கே போய்த் தொட்டது. கீழே நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐந்தரை மணி என்று காட்டியது. ஐந்தரை மணிதான்! பெரிய அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் போனால் எட்டு மணி நேரம் ஆகிறது, நடுவில் டிரைவர் டீ குடிக்க இறங்கினால் அதற்கும் மேலே. அப்படிப் பார்த்தால் என் கூடப் பிறந்த அக்காவைவிட நீதான் பக்கத்தில் இருக்கிறாய். நல்ல செய்தி ஆயிற்றே என்று அத்தைக்கே போன் போட்டுச் சொன்னேன். ஏண்டா தம்பி, அப்போ நான்தான் ஃபாரின்ல இருக்கேனா, அதான் நீ எட்டியே பாக்கறதில்லையா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். (இப்போதெல்லாம் அத்தை போன் செய்தால் ஃபாரின் அத்தை பேசறேன் என்றுதான் ஆரம்பிக்கிறார்.) தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் ஐந்தரை மணி, ஐந்தரை மணி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். முடிவெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு, அவ்வளவு கிட்டயா சார், அப்ப ஏன் அவங்க தீபாவளி மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை ஓடி வந்துட்டு ஓடிப் போறாங்க என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கழுத்தில் கத்தி இருந்தது.

ஆனால் அம்மாடி, எங்கள் தீயணைப்பு இலாகாவில் வண்டி நகர்ந்த நேரத்திலிருந்து கணக்கு எடுக்க மாட்டோம். மணி அடித்ததிலிருந்து முதல் தண்ணீர் தெறிக்கும் வரை, அதுதான் கணக்கு. ஐந்தரை மணி என்பது விமானத்தின் கணக்கு. என் கணக்கு எங்கள் வாசலிலிருந்து உன் வாசல் வரை. பூட்டைத் தேடுவது, கேஸை மூடுவது, செருப்பு ஒரு காலுக்குக் கிடைத்து இன்னொரு காலுக்குக் கிடைக்காதது, இதெல்லாம் அந்தப் படத்துக் கோட்டில் எங்கே இருக்கிறது? நேரம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு, ஒத்திகை. நான் ஓய்வு பெற்றபோது ஸ்டேஷன் பையன்கள் கொடுத்த வெண்கல மணியைச் சமையலறை வாசலில் மாட்டினேன். யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுத்தேன். அம்மா பெட்டி, சின்னவள் பாஸ்போர்ட் பை, நான் கேஸ், குழாய், பூட்டு. மணி எப்போது அடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், சொன்னால் அது ஒத்திகை இல்லை, கல்யாண வீடு. ஸ்டேஷனில் செய்கிற மாதிரி ராத்திரி படுக்கும்போது பேன்ட்டை ஷூவோடு சேர்த்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டேன், எழுந்து காலை விட்டு மேலே இழுத்தால் ஆள் ரெடி. (காலையில் எழுந்து பார்க்கிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்புக்கு மேலே இல்லாத அப்பா நிற்கிறார். எனக்கு இடுப்புக்குக் கீழே நடுங்கியது.)

முதல் ஒத்திகை ஒரு புதன்கிழமை மத்தியானம். மணியை அடித்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அம்மா அப்போது கண்ணாடி முன்னால் நின்று தலைக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தாள், பாதிதான் ஆகியிருந்தது. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள், இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெள்ளை. சின்னவளும் பையோடு போய்விட்டாள். நான் விசிலைத் தேடிக்கொண்டிருந்தேன். விசில் இல்லாமல் எப்படிக் கிளம்பச் சொல்வது? இதற்குள் மாடியில் இருக்கிற பல் டாக்டர் மணிச் சத்தத்தைக் கேட்டு நிஜமாகவே தீ என்று நினைத்துக்கொண்டார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து, சார், தீ எங்க சார், தீ எங்க என்று கத்துகிறார். கூட வந்தவருக்கு வாய் முழுக்கப் பஞ்சு, மரத்துப் போன உதடு, அவரும் ஏதோ ஃபீ ஃபீ என்கிறார். (டாக்டர் அவருடைய டிரில்லை நிறுத்திவிட்டு அப்பாவுடைய டிரில்லுக்கு வந்துவிட்டார்.) ஒன்றுமில்லை டாக்டர், பொண்ணுக்குப் பிரசவம் என்றேன். டாக்டர் அம்மாவின் தலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், எந்தப் பொண்ணுக்கு என்று பயத்தோடு சின்னவளைப் பார்த்தார். (அக்கா, என் வாழ்க்கையில் நான் ஒரு குறும்பும் செய்யாமலே கெட்ட பெயர் வாங்கிய ஒரே நாள் அது.)

ஒத்திகை முடிந்தால் உட்கார்ந்து குறை நிறை பேசுவது வழக்கம். நேரம் எங்கே வீணாகியது என்று கேட்டேன். விசிலைத் தேடினவரைக் கேளுங்க என்றாள் அம்மா. சாயத்தைத் தடவி முடித்திருந்தால்கூட இவர் வர்றதுக்கு முன்னாடி காய்ந்திருக்கும் என்றும் சொன்னாள். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஒத்திகையில் விமான நிலையம் வரைக்கும் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்காகத் தெருமுனை டாக்ஸிக்காரரைச் சேர்த்துக்கொண்டேன். உனக்குத் தெரியுமே, நீ ஸ்கூல் பஸ்ஸை விட்டுவிட்டால் துரத்திப் போய்ப் பிடித்துக் கொடுப்பாரே, அவரேதான். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் உருகிவிட்டார். சார், எனக்குச் சின்ன வயசிலேர்ந்து உங்க வண்டில ஏறணும்னு ஆசை, நீங்க என் வண்டில ஏறி அதைத் தீர்த்து வையுங்க என்றார். சனிக்கிழமை காலையில் மணியை அடித்தேன். டாக்ஸி வாசலில் வந்து நின்றது. அம்மா பெட்டியை டிக்கியில் வைத்தாள், நான் விசிலைக் கழுத்திலேயே மாட்டியிருந்தேன், ஊதினேன். ஏறியதும் எண்ணிக்கை எடுக்க வேண்டும், அது பழக்கம், ஆளை விட்டுவிட்டு வண்டி நகரக் கூடாது. நான் ஒன்று என்றேன். பின் சீட்டில் பைகளுக்கு நடுவில் இருந்து சின்னவள் இரண்டு என்றாள். டாக்ஸிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூன்று என்று ஒரு சத்தம் போட்டார். கணக்கு சரியாக இருந்தது. புறப்பட்டோம்.

அம்மா உள்ளே கேஸை மூடிக்கொண்டிருந்தாள். அது என் வேலை, நான் மறந்துவிட்டேன். (எனக்கு எப்படித் தெரியும்? என் மடியில் இரண்டு பை, அதற்கு மேலே அப்பாவின் பழைய ரெயின்கோட்டு. அம்மா முன் சீட்டில் இருக்கிறாள் என்று நினைத்தேன். முன் சீட்டில் அப்பா. அம்மா அந்தப் பக்கம் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சுருட்டிய போர்வை. நான் அதனோடு கொஞ்ச தூரம் பேசிக்கொண்டுகூட வந்தேன்.)

போகிற வழியில் பெரிய சிக்னலில் வண்டிகள் அடைத்து நின்றன. இது என் உடம்போடு ஊறியது, நான் வேண்டுமென்று செய்யவில்லை, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாயாலேயே சைரன் கொடுத்துவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. முன்னால் நின்ற இரண்டு கார்கள் ஒதுங்கினவே! மூன்றாவது ஒதுங்கவில்லை, அது போலீஸ் ஜீப். போக்குவரத்துக் காவலர் இறங்கி வந்து, என்ன சார் உடம்புக்கு என்றார். ஒத்திகை என்றேன். எதுக்கு ஒத்திகை என்றார். பேரக் குழந்தைக்கு என்றேன். குழந்தை எங்க என்றார். இன்னும் பிறக்கல என்றேன். அவர் டாக்ஸிக்காரரைப் பார்த்தார். டாக்ஸிக்காரர் விறைப்பாக, மூன்று என்றார். எங்களை ஓரமாக நிறுத்தி, வாயை ஊதச் சொல்லி, பேப்பரை எல்லாம் பார்த்து, போகச் சொல்வதற்குள் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. (விமானம் ஏறப் போகிறேன் என்று கிளம்பியவருக்கு மானம்தான் கப்பலேறியது.)

விமான நிலைய வாசலுக்கு வண்டி திரும்பும்போது பார்க்கிறேன், அங்கே சிமெண்ட் பெஞ்சில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். பார்த்த முகமாக இருக்கிறதே என்று பார்த்தால் உன் அம்மா. எங்களைத் துரத்திப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை, திரும்பிப் போய்க் குழாயை மூடி, வீட்டைப் பூட்டி, தெருமுனையில் விமான நிலையப் பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கடைத்தெருவுக்குப் போவதானாலும் யாராவது கூட வாங்களேன் என்பாளே, அவள்! வந்ததோடு விடவில்லை. விசாரணை ஜன்னலுக்குப் போய், என் பொண்ணு ஊருக்கு ஐந்தரை மணியாமே, எந்த விமானம் என்று கேட்டிருக்கிறாள். அங்கே இருந்த பெண் சிரித்துவிட்டு, அம்மா, அது ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போட்டு அளந்தது, அந்தக் கோட்டுல விமானம் எதுவும் போகல, இங்கேர்ந்து வேற ஒரு ஊருக்குப் போய், அங்க ஒன்பது மணி நேரம் காத்திருந்து, அப்புறம் இன்னொண்ணுல ஏறணும் என்று விளக்கி, ஒரு தாளில் படம் வரைந்தும் கொடுத்திருக்கிறாள். இதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அம்மா எங்களுக்காகக் காத்திருந்தாள்.

அவளைப் பார்த்த வேகத்தில் வண்டி சரியாக நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து குதித்தேன். இத்தனை வருஷமும் வண்டியிலிருந்து அப்படித்தான் இறங்கியிருக்கிறேன். ஆனால் ஃபயர் இன்ஜின் உயரம், டாக்ஸி தரையோடு தரை. கால் உயரத்தைத் தேடியது, தரை முன்னாலேயே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அதன் மேல் விழுந்து, பெட்டிகளோடு பெட்டியாகக் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றேன். கை முறிந்தது. கண்ணாடியும் முறிந்தது. (ஒத்திகை நடத்தப் போனவர் ஒத்தக் கையோடு திரும்பினார். இதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன், எலும்பு டாக்டர் சிரித்தார், அம்மா கிள்ளினாள்.) விமான நிலைய ஆள் ஒருவர் ஓடி வந்து என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து விறுவிறுவென்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார். எந்த ஊருக்கு சார் என்றார். வலியிலும் உன் ஊர்ப் பெயர்தான் வாயில் வந்தது. சரியான வரிசையில் கொண்டு போய் நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் பின்னாலேயே ஓடி வராவிட்டால் பாதி தூரம் வந்திருப்பேன்.

எலும்பு டாக்டர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா பேச ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏங்க, அந்தப் பொண்ணு சொன்ன ஒன்பது மணி நேரத்தை யோசிச்சுப் பாத்தீங்களா என்றாள். அவளுக்கு வலி எடுத்து, நமக்குப் போன் வந்து, நீங்க மணி அடிச்சு, நான் பெட்டியத் தூக்கி, எல்லாம் சரியா நடந்தாலும் அந்த வேற ஊர்ல உக்காந்துட்டு இருக்கும்போதுதாங்க பேரப்பிள்ளை பிறந்த செய்தி வரும், அவ சொன்னது சரிதான், மணி அடிச்சுக் கிளம்புற தூரம் இல்ல இது என்றாள். முதல் தடவையாக நீ சொன்னது என் மண்டையில் ஏறியது. பிறகு மெதுவாகச் சொன்னேன், பெரிய கூட்டம் கூடுகிற இடத்துக்கு நாங்கள் மணிக்குக் காத்திருக்க மாட்டோம், தீப்பிடிப்பதற்கு முன்னாலேயே வண்டியைக் கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்திவிடுவோம், அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர் என்று. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அப்ப நான் ஸ்டாண்ட்பை போறேன், இந்த மாசமே போறேன் என்றாள். நாம போறோம் என்றேன். நான் போறேன் என்றாள் திரும்பவும். உங்க சட்டைப் பட்டனை நீங்க போட முடியாது, அங்க வந்தா நான் அவளைப் பாக்கறதா, குழந்தையப் பாக்கறதா, உங்களுக்குப் பட்டன் போடறதா, சின்னவளுக்கும் பரீட்சை இருக்கு, கட்டுப் பிரிச்சதும் பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க என்று சொல்லிவிட்டு, டாக்டர் என் பேரைக் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் அவளே உள்ளே போய்விட்டாள்.

இப்படித்தான் ஆயிற்று. முதலில் வந்து நிற்க வேண்டும் என்று துடித்தவன் கடைசியாக வரப் போகிறேன். உன் அம்மா தனியாக, இரண்டு விமானம் மாறி, தெரியாத ஊரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து வருகிறாள். எனக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அங்கே பாஷை தெரியாதே என்றேன். பாத்ரூம் எங்கன்னு கேக்க பாஷை எதுக்கு, முகத்தைப் பாத்தாலே காட்டுவாங்க என்றாள். தூங்கிவிட்டால் விமானம் போய்விடுமே என்றேன். முப்பது வருஷமா உங்க மணிச் சத்தத்துக்கு எழுந்தவ, எனக்குத் தூக்கம்னு ஒண்ணு இருக்கா என்றாள். (பயணத்தில் ஒரு ண-வை எடுத்துவிட்டால் பயம். அந்த ண-வை அம்மா எடுத்துக்கொண்டு போகிறாள், மிச்சம் அப்பாவிடம் இருக்கிறது.)

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பல் டாக்டர் மணியைக் கழற்றினால் எனக்கு ஒரு பல்லை இலவசமாகப் பிடுங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டாக்ஸிக்காரர் தினமும் வந்து கையைப் பார்த்துவிட்டுப் போகிறார், எல்லாம் தன்னால்தான் என்று அவருக்கு வருத்தம். சின்னவள் வகுப்பில் வைத்த புவியியல் டெஸ்டில் இரண்டு ஊருக்கு நடுவே உள்ள தூரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு, அம்மாவைப் பஸ்ஸில் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று எழுதி, டீச்சர் என்னை வரச் சொல்லியிருக்கிறார். (அதற்குப் பாதி மார்க் கொடுத்தார்கள். அதையும் எழுதச் சொல்லுங்கள் அப்பா என்றால் மாட்டேன் என்கிறார்.) நீ வேளைக்குச் சாப்பிடு. துணிக்கூடையைத் தூக்காதே. மாப்பிள்ளையிடம் சொல், காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி தெரிந்திருக்க வேண்டும், ஒன்று அடைத்தால் இன்னொன்று. உன் செருப்பை எப்போதும் வாசலைப் பார்த்துத் திருப்பி வை. மாப்பிள்ளை ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்வதும் நல்லது. (அத்தான், ஓடிவிடுங்கள்.) வண்டி நின்ற பிறகு இறங்கச் சொல்.

இன்னொன்று. நீ அழுதாய் என்று கேட்டதிலிருந்து இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபயர் இன்ஜின் டிரைவருக்கு நெருப்புக்குள் வேலை கிடையாது. வண்டியை வாசலில் கொண்டு போய் நிறுத்தி, பம்பை ஓட விட்டு, தண்ணீர் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது வேறு ஆள். உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தரையில் கிடக்கிற குழாயின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன், அது துடிக்கிறதா, அப்படியானால் உள்ளே ஆள் வேலை செய்கிறார். பார்க்கிறவர்களுக்கு இவன் என்ன சும்மா நிற்கிறான் என்று தோன்றும். ஆனால் உள்ளே போனவர் பின்னால் தண்ணீர் நிற்காது என்று நம்பித்தான் உள்ளே போயிருக்கிறார். நாளை மறுநாள் அம்மாவை விமான நிலைய வாசலில் கொண்டு போய் விடுவேன். அவள் உள்ளே போவாள். நான் வெளியே நிற்பேன். கோபித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறேன் என்று நினைக்காதே அம்மாடி, டிரைவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன்.

(அக்கா, இந்த இடத்தில் அப்பா எழுந்து போய்ச் சமையலறை வாசல் மணியை இடது கையால் துடைத்துவிட்டு வந்தார். நானும் எழுந்து போய் இரண்டு பேருக்கும் காப்பி கொண்டு வந்தேன்.)

நீயும் உன் வீட்டுக்காரரும் பல்லாண்டு நன்றாக இருங்கள். வருகிற பிள்ளை ஆணோ பெண்ணோ, வீடு அதிர அழுதுகொண்டு வரட்டும், அந்தச் சத்தத்துக்கு யாரும் ஒதுங்கி வழி விட வேண்டியதில்லை, எல்லோரும் கிட்டே வந்தால் போதும். அம்மாவுக்கு ஒரு வாய் சூடாகச் சாப்பிடக் கொடுத்துத் தூங்க வை, நான் நல்லா இருக்கேன் என்பாள், நம்பாதே. கடிதத்தைப் படித்து முடித்ததும் எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு, இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகப் பேசலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா

(மேலே இருக்கிற கோணல் கையெழுத்தை நான் போட்டதாக நினைக்காதே. நான் போட்டுத் தருகிறேன் என்றேன், என் மகளுக்கு நான்தான் போடுவேன் என்று பேனாவைப் பிடுங்கி இடது கையால் அவரே போட்டார். கண்ணாடியும் இல்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாளை மூக்கில் இடிக்கிற அளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மை எல்லாம் ஈஷிவிட்டது. பெயர் தெரியவில்லை, ஆனால் ஆள் தெரிகிறார்.)